மாடித்தோட்டப் பூச்செடிகளுக்கு உரம்: எந்தச் சத்து, எப்போது, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்லி, ரோஜா, செம்பருத்தி, சாமந்தி என்று மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் உரத்தைப் பற்றித்தான். அதிலும் "செடி நல்லாத்தான் வளருது, பூ மட்டும் வரலை" என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுகிறேன். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் உள்ள அளவுகள் தொட்டிக்கும் குரோ பேக்குக்கும் மட்டும்தான். நிலத்தில் நட்ட செடிக்குக் கணக்கு வேறு.

உரப் பாக்கெட்டில் 19-19-19, 13-0-45 என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரண்டாவது மணிச்சத்து, பாஸ்பரஸ். மூன்றாவது சாம்பல் சத்து, பொட்டாசியம். 100 கிராம் உரத்தில் எது எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண் (மணியும் சாம்பலும் மட்டும் P2O5, K2O என்ற ஆக்சைடு கணக்கில்). யூரியா 46-0-0, டிஏபி 18-46-0, கடையில் சிவப்பாகக் கிடைக்கும் பொட்டாஷ் 0-0-60. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், முன்பக்கம் ரோஜாப் படம் போட்டு "பூக்கள் குலுங்க" என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

தழைச்சத்து இலைக்கும் கிளைக்கும். மணிச்சத்து வேருக்கும், செடிக்குள் ஆற்றல் பரிமாறுவதற்கும். சாம்பல் சத்து தண்ணீரைச் சீராக வைக்க, இலையில் உண்டான மாவுப்பொருள் மொட்டுக்கும் காய்க்கும் போய்ச் சேர. இது மேலோட்டமான கணக்குதான், எல்லாச் சத்தும் எல்லா இடத்துக்கும் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் 19-19-19 கரைத்தால், பாக்கெட் எண்ணின் கணக்கில் அதில் ஒவ்வொரு சத்தும் 190 மில்லிகிராம் இருக்கும்.

செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, ஆறு மாதமாக ஒரு பூ இல்லை. என்ன உரம் போடலாம்?

முதலில், போடுவதை நிறுத்துங்கள். என்ன போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கடலைப் புண்ணாக்குத் தண்ணீராகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுக் குண்டுமல்லி ஒரு முழு வருஷம் இப்படி நின்றது. வாரம் தவறாமல் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். இலைகள் அகலமாக, கரும்பச்சையாக, தொட்டால் மெத்தென்று இருந்தன. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கிளைகள் கொடி மாதிரி நீண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போயின, நுனியைக் கிள்ளினால் நீர்கோத்த கீரைத்தண்டு மாதிரி ஒடிந்தது. அரும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு 7 அளவில் இருக்கும், மணியும் சாம்பலும் ஒன்றரை ஒன்றரைதான். அதாவது விகிதத்தில் கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று, ஒன்று. நல்ல உரம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதை மட்டுமே ஊற்றினால் செடிக்கு இலை விடு, இலை விடு என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருப்பதாக ஆகிவிடும்.

நான் இரண்டு காரியம் செய்தேன். புண்ணாக்கை நிறுத்திவிட்டு நவம்பர் கடைசியில் கவாத்து செய்தேன், அதாவது கிளைகளை வெட்டிவிட்டேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்த அந்தத் தொட்டியை நகர்த்தி, காலை எட்டு மணியில் இருந்து மூன்று மணி வரை வெயில் படும் இடத்தில் வைத்தேன். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும், அதனால் கவாத்து இல்லாமல் எந்த உரமும் வேலை செய்யாது. பங்குனி பிறக்கும்போது துளிருக்கு மூன்று அரும்பு, சிலதில் ஐந்தும் இருந்தன. உரம் மாறியதாலா, வெயிலாலா என்று கேட்டால், என் கணிப்பில் வெயிலுக்கும் கவாத்துக்கும்தான் பெரிய பங்கு. வெயில் ஐந்து ஆறு மணி நேரம் இல்லாத இடத்தில் மல்லிக்கோ ரோஜாவுக்கோ உரத்தைச் சரிசெய்து பிரயோஜனம் இல்லை.

பூக்கும் காலத்தில் மணிச்சத்து அதிகமுள்ள உரம் கொடுக்க வேண்டும் என்கிறார்களே? உரக்கடையில் 0-52-34 தந்தார்.

இந்த ஒரு நம்பிக்கையால்தான் மாடித்தோட்டத்தில் நிறையச் செடி வீணாகிறது.

நல்ல நிலையில் இருக்கும் செடியின் இலையை உலர்த்திப் பரிசோதித்தால் தழைச்சத்து நூற்றுக்கு 3 அளவில் இருக்கும், சாம்பல் சத்து 2 அல்லது 3, மணிச்சத்து வெறும் 0.3 பக்கம்தான். பூக்கிற காலத்திலும் இந்த விகிதம் தலைகீழாக மாறிவிடாது. செடி எடுத்துக்கொள்வதே தழைச்சத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், 52 பங்கு மணிச்சத்தைக் கொட்டினால் மிச்சம் எங்கே போகும்? மண்ணிலேயே தங்கும். தங்கினால் சும்மாவும் இருக்காது. இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்க முடியாமல் செய்யும், வேரோடு சேர்ந்து வாழும் நல்ல பூஞ்சைகள் குறையும். செம்பருத்திக்கு இது இன்னும் ஆகாது. மணிச்சத்து மிஞ்சிப்போன தொட்டியில் செம்பருத்தியின் புது இலை மஞ்சளாகி, செடி குறுகிப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மணிச்சத்து பற்றாக்குறை இருக்கும் மண்ணில் அதைக் கொடுத்தால் பூ கூடும், அது உண்மை. அந்த உண்மைதான் நீண்டு, எந்தச் செடிக்கும் மணிச்சத்து கொட்டினால் பூக்கும் என்று ஆகிவிட்டது. பூப்பதா வேண்டாமா என்பதைச் செடி வேறு சேதிகளை வைத்து முடிவு செய்கிறது. சாமந்திக்கு இரவு நீள வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் ராத்திரி முழுக்க விழும் மூலையில் வைத்தால் மொட்டுக் கட்டவே யோசிக்கும். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் காயவிட வேண்டும். ரோஜாவுக்கும் மல்லிக்கும் கவாத்து. இதெல்லாம் சரியாக இருந்த பிறகு, உரம் செய்கிற வேலை பூவின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் கைகொடுப்பது.

ஆனால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமே மல்லிக்கு மணிச்சத்து இரட்டிப்பாகப் போடச் சொல்கிறதே?

நல்ல கேள்வி. குண்டுமல்லிக்கு அவர்கள் சொல்வது, செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு 60 கிராம் தழை, 120 கிராம் மணி, 120 கிராம் சாம்பல் சத்து, கூடவே 10 கிலோ தொழு உரம். நவம்பரில் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன் ஜூலையில் பாதி. அது வயலுக்கு. செம்மண்ணில் இரும்பும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போட்டதில் சிறு பங்குதான் அந்தப் பருவத்தில் வேருக்குக் கிடைக்கும், அதனால் கூட்டிப் போடுகிறார்கள். உங்கள் தொட்டியில் பாதிக்கு மேல் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும். அங்கே அந்த அளவுக்குப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அதோடு வயலில் வேர் எட்டும் மண் எவ்வளவு, உங்கள் 12 அங்குலத் தொட்டியில் எவ்வளவு என்று பாருங்கள். அந்த அளவை அப்படியே தொட்டியில் போட்டால் செடி கருகிவிடும்.

சரி, நீங்கள் என்னதான் கொடுக்கிறீர்கள்?

மூன்றே பாக்கெட். 19-19-19, கால்சியம் நைட்ரேட், 13-0-45. எல்லாமே லிட்டருக்கு ஒரு கிராம், அதற்கு மேல் போவதே இல்லை. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு லிட்டர் கரைசல்.

கவாத்து முடிந்து துளிர் வளரும் காலத்தில், ஒரு வாரம் 19-19-19, அடுத்த வாரம் கால்சியம் நைட்ரேட், திரும்ப முதலில் இருந்து. கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்து 15.5, கால்சியம் 18க்குக் கொஞ்சம் மேல். இரண்டு வாரத்தையும் கூட்டினால் செடிக்குப் போனது தழை 345 மில்லிகிராம், மணி 190, சாம்பல் 190. தழை தூக்கலாக இருக்கிறது, இந்தக் கட்டத்தில் அதுதான் வேண்டும்.

துளிர் நுனியில் அரும்பு மிளகு அளவுக்குத் தெரிந்ததும் மூன்றாவது வாரத்தையும் சேர்த்துவிடுவேன்: முதல் வாரம் 19-19-19, இரண்டாம் வாரம் கால்சியம் நைட்ரேட், மூன்றாம் வாரம் 13-0-45. இப்போது கூட்டுங்கள். தழை 475, மணி 190, சாம்பல் 640. மணிச்சத்து அதே 190தான், ஏறவே இல்லை. சாம்பல் சத்து தழைச்சத்தைத் தாண்டிவிட்டது. தழைச்சத்தை முழுசாக நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் பூத்துக்கொண்டே அடியிலை உதிர்ந்து, அடுத்த சுற்றுப் பூவுக்குத் தெம்பில்லாமல் போகும். ரோஜா, செம்பருத்தி மாதிரி வருஷம் முழுக்க வளர்ந்துகொண்டே பூக்கிற செடிக்கு இந்த மூன்று வாரச் சுற்றையே எப்போதும் வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதல் நாள் மாலை வெறும் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை கரைசல்.

மூன்றையும் ஒரே வாளியில் கலந்து ஒரே நாளில் கொடுத்துவிட்டால் வேலை மிச்சம்தானே?

கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனியாக வையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சோதித்துப் பார்க்கலாம்: கால்சியம் நைட்ரேட் நன்றாகக் கரைந்த தெளிந்த தண்ணீர், அதில் 19-19-19 கரைசலைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினால், தண்ணீரில் பால் விட்டது மாதிரி வெண்புகையாகச் சுருண்டு இறங்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு மாதிரி படியும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிட்டது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு சத்தும் அந்த மாவில் போய்விட்டன. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), அன்னபேதி (இரும்பு சல்பேட்) மாதிரி சல்பேட் உள்ளவற்றோடும் கால்சியம் நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டாம். 13-0-45ஐ எதனோடும் கலக்கலாம்.

இலை மஞ்சளாகிறது. எந்தச் சத்து குறைவு?

எந்த இலை என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். பழைய இலையா, புது இலையா என்று முதலில் பாருங்கள்.

தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் நாலும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழவிலையில் இருந்து உருவி இளந்துளிருக்குக் கொடுத்துவிடும், அதனால் குறை அடியிலையில் தெரியும். அடியிலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. அடியிலையின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் காய்ந்தால் சாம்பல் சத்து. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளித்தால் போதும்.

இரும்பும் கால்சியமும் நகராது. நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி நிற்க, புது இலை எலுமிச்சை நிறத்துக்குப் போனால் இரும்பு. மல்லியில் இது ரொம்ப சகஜம். அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாதம் ஒரு முறை, நிறம் திரும்பும் வரை மாலை வேளையில் தெளிக்கலாம். துளிர் சுருண்டு நுனி கருகினால், தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால், கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அதற்கு முக்கால்வாசி காரணம் ஒரு நாள் வெள்ளம் மறுநாள் வறட்சி என்று தண்ணீர் விடுவதுதான்.

இது எதுவும் இல்லாமல் அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் பழுத்து விழுந்தால், வயதாகி விழுகிறது. விடுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அது செடியைப் பாதிக்குமா?

பாதிக்கும். அந்த உப்புத் தண்ணீர் மண்ணை மெல்ல மெல்லக் காரமாக்கும், காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அங்கே அன்னபேதியை மண்ணில் போடுவது வீண், இலையில் தெளிக்க வேண்டும், அல்லது கொஞ்சம் விலை கூடினாலும் காரமான மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும் இடிடிஹெச்ஏ (EDDHA) வகைக் கிலேட் இரும்பு வாங்க வேண்டும். மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, உரம் கரைக்க மட்டுமாவது அதைப் பயன்படுத்துங்கள். ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரிலும் கரைக்கலாம்.

இப்படிப்பட்ட தண்ணீர் இருக்கும் வீட்டில் மரச்சாம்பல் போடவே கூடாது, அது இன்னும் காரம்.

நான் ரசாயன உரமே தொடுவதில்லை. இயற்கை உரத்திலேயே இந்தச் சமநிலை வருமா?

வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். செடியின் வேருக்கு நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், இயற்கை உரத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துத் தரும் வரை காத்திருக்க வேண்டும், அளவும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

தழைக்குப் புண்ணாக்கு இருக்கிறது. கடலையைவிட வேப்பம் புண்ணாக்கு மெதுவாகச் சத்தைத் தருவதால் தொட்டிக்கு எனக்குப் பிடித்தது அதுதான், மாதம் ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறிப் போட்டு மூடினால் போதும். ஊறவைத்து ஊற்றுபவர்கள் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொள்ளுங்கள். மணிச்சத்துக்கு மண்புழு உரத்தில் இருப்பதே தாராளம். எலும்புத்தூள் புளிப்பான மண்ணில்தான் கரையும், போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இயற்கை முறையில் இடிப்பது சாம்பல் சத்துதான். வாழைப்பழத்தோல், வாழைத்தண்டுச் சக்கை இரண்டிலும் இருக்கிறது, ஆனால் தோலை ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஊற்றுகிற தண்ணீரில் வருவது சொற்பம். வெட்டி மக்கவைத்து உரமாகப் போடுங்கள். நல்ல தண்ணீர் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பிடி மரச்சாம்பல் தூவலாம். பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, இலைவழி தெளிக்கலாம். அதை முழுச் சாப்பாடாக நினைத்து மற்றதை நிறுத்திவிடாதீர்கள்.

முட்டை ஓடு பற்றியும் கேட்கிறார்கள். அது சுண்ணாம்பு. காரமான மண்ணில் கரையாது. குப்பை உரக்குழியில் போடுங்கள்.

கோகோபீட் கலவையில் வைத்த செடி ஆரம்பத்தில் இருந்தே சோர்ந்து இருக்கிறதே?

தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம், நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கட்டியை ஊறவைத்து, தண்ணீர் டீ நிறம் போய்த் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். அப்புறம் லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். இந்த ஒரு நாள் வேலையைச் செய்தவர்களுக்குப் பிறகு பாதிப் பிரச்சினை வருவதில்லை.

உரம் அதிகமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? ஆகிவிட்டால் என்ன செய்வது?

தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பொருக்கு. இலை நுனி காபி நிறத்தில் காய்ந்து, அந்தக் காய்ச்சல் ஓரமாக உள்ளே வரும். மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் செடி தொங்கும், ஏனென்றால் வெளியே உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை, சத்து போதவில்லை என்று இன்னும் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

மேல் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை, ஒரேயடியாக இல்லாமல் நிறுத்தி நிறுத்தி, அடியில் ஓடி வெளியேறும்படி விடுங்கள். அடித்துளை அடைத்திருந்தால் முதலில் குச்சியால் குத்தித் திறக்க வேண்டும். பிறகு மூன்று வாரத்துக்கு எந்த உரமும் இல்லை. புதுத் துளிர் கண்ட பின் அரை கிராம் அளவில் தொடங்குங்கள்.

தராசு இல்லை, ஸ்பூனில் அளக்கலாமா?

ஒவ்வொரு உரத்துக்கும் எடை மாறும், ஈரம் பட்டால் இன்னும் மாறும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அதுவரை 10 லிட்டர் வாளிக்குத் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம்.

மழைக்காலம், கோடைக்காலம் அளவு மாற்ற வேண்டுமா?

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தொட்டியில் இருந்து வழிந்து ஓடிவிடும். மழை பெய்துகொண்டிருக்கும்போது போடுவது சாக்கடைக்குப் போடுவதுதான். விட்டதும், மண் கொஞ்சம் காய்ந்ததும் ஆரம்பியுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நான் அளவைப் பாதியாக்கிவிடுவேன், தொட்டி மண்மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு வைப்பேன், மதிய வெயிலில் இலைமேல் எதையும் தெளிக்க மாட்டேன்.

மொட்டு வைக்கிறது, விரிவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. பொட்டாஷ் போடலாமா?

முதலில் ஒரு மொட்டைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். ஊசிமுனை அளவு இலைப்பேன் நெளிந்தால், அல்லது மல்லி மொட்டில் துளையும் உள்ளே புழுவும் இருந்தால், பொட்டாஷ் எதுவும் செய்யாது. பூச்சி இல்லை என்றால் தண்ணீர் சீராகப் போகிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு நாள் காய்ந்தாலும் செம்பருத்தி மொட்டை உதிர்த்துவிடும். இதற்கெல்லாம் பிறகுதான் 13-0-45.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். போவதற்கு முன் நன்றாக உரம் போட்டுவிட்டுப் போகலாமா?

வேண்டாம். யாராவது தண்ணீர் விட மறந்தால், காய்கிற மண்ணில் அந்த உப்பு இரண்டு மடங்கு கெட்டியாகி வேரைச் சுட்டுவிடும். தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, காய்ந்த இலை மூடாக்குப் போட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். பத்து நாள் உரம் இல்லாமல் செடி நன்றாகவே இருக்கும். வந்து, இரண்டு நாள் வெறும் தண்ணீர் விட்டு, விட்ட வாரத்தில் இருந்து சுற்றைத் தொடருங்கள்.